விரல் போவதற்குள் நகர்ந்துவிடும் வைஃபை பட்டியல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. போன மாதம் அரிசி வாங்கப் போனபோது கடை அக்கா மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "தம்பி, பாஸ்வர்ட் சரியாத்தான் போடுறேன், தப்பு தப்புன்னே சொல்லுது, கொஞ்சம் பாரேன்" என்றார். கணினித் திரைகளை வடிவமைப்பதுதான் என் தொழில், அதனால் நான் எதையும் தொடாமல், "நீங்களே இன்னொரு தடவை போடுங்க அக்கா" என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பட்டியலில் எட்டுப் பெயர்கள். கடையின் வைஃபை இரண்டாவதாக இருந்தது. அக்கா மவுஸை மெதுவாக நகர்த்தி அதன் மேல் கொண்டுபோகிறார், அழுத்தப் போகும் நொடியில் பட்டியல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, பக்கத்து மோட்டார் பட்டறையின் பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுகிறது, அவர் அழுத்தியது அதை. இரண்டு பெயருமே ஒரே மாதிரி தொடங்கி, வேறுபடுகிற பின்பாதி மூன்று புள்ளிகளாக வெட்டப்பட்டிருந்தது. அப்புறம் திறந்த கடவுச்சொல் பெட்டியில் எந்த இணைப்புக்குக் கேட்கிறது என்று பெயரே இல்லை. பாவம், தன் கடை பாஸ்வர்டைப் பட்டறை வைஃபைக்கு மூன்று முறை போட்டிருக்கிறார், தனக்குத்தான் கணினி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு.

தப்பு அக்கா மேல் இல்லை, அந்தப் பட்டியலை வரைந்தவர் மேல். என் தொழில்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படட்டும், பரவாயில்லை.

பட்டியல் ஏன் குதிக்கிறது என்றால், ஒவ்வொரு ரவுட்டரும், அதாவது வைஃபை தரும் பெட்டியும், நொடிக்குச் சுமார் பத்து முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், கணினி ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவித் தாவி அதைக் கேட்கும், அதனால் பெயர்கள் ஒன்றாக வராமல் சிறுகச் சிறுக வரும். சிக்னலும் நிலையாக நிற்காது, நடுவில் ஒருவர் நடந்துபோனாலே கூடிக் குறையும். வலுவானது மேலே என்று அப்படியே அடுக்கினால் பட்டியல் ஓயாமல் ஆடும். செய்ய வேண்டியது எளிது: முன்பு சேர்ந்த இணைப்புகளை மேலே வையுங்கள், பட்டியல் திறந்திருக்கும்வரை யார் இடத்தையும் மாற்றாதீர்கள், புதிதாக வருவதைக் கடைசியில் சேருங்கள், சிக்னல் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கட்டும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பெயரின் நடுவில் வெட்டுங்கள்.

அந்தக் கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை உங்கள் கணினிக்கும் வீட்டில் இருக்கிற ரவுட்டர் பெட்டிக்கும் நடுவில் உள்ள வலுவைத்தான் காட்டுகின்றன. மழையில் வெளியே லைன் போய்விட்டாலும் கோடு முழுதாகவே நிற்கும், "ஃபுல்லாதானே காட்டுது, ஏன் வரல?" என்று நம் ஆட்கள் பெட்டியை அணைத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இணையம் உண்மையில் வருகிறதா என்று கணினி ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. தெரிந்ததை நேராகச் சொன்னால் என்ன? "பெட்டியோடு சேர்ந்தாச்சு, பெட்டிக்கு இணையம் வரவில்லை" என்று ஒரு வரி போதும்.

இன்னொரு குழப்பம், பெயருக்குப் பின்னால் வருகிற 5ஜி. அது கைப்பேசியின் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பக்கத்தில் வேகமாக இருக்கும், சுவர் தாண்டினால் சீக்கிரம் தளரும். லயத்து வீட்டில் முன்னறையில் பெட்டியை வைத்துவிட்டுப் பின்கட்டு அடுப்படியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குப் பல நேரம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் கைகொடுக்கும்.

பூட்டுச் சின்னத்தையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். வெப் (WEP) என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையை எப்படி உடைப்பது என்று 2001-இலேயே காட்டிவிட்டார்கள், ஆனாலும் அதற்கும் பின்னால் வந்த, அதைவிடப் பாதுகாப்பான டபிள்யூபிஏ2 (WPA2) முறைக்கும் ஒரே பூட்டைப் போடுகிற பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். அக்கா செய்ததுபோல டபிள்யூபிஏ2 இணைப்பில் தவறான கடவுச்சொல் போட்டால் அது அப்படியே பட்டறைக்காரர் கைக்குப் போய்விடாது. உங்கள் இணைப்பின் பெயரையே வைத்துக்கொண்டு பூட்டில்லாமல் ஒன்று தெரிந்து, சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து வைஃபை கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ கேட்டால்தான் உண்மையான ஆபத்து. எதையும் தட்டச்சு செய்யாமல் உடனே துண்டித்துவிடுங்கள்.

அக்காவுக்கு நிரந்தரத் தீர்வு அடையாளம் தெரிகிற பெயர்தான். தமிழில் வைக்கலாமா என்று கேட்டார், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பெயருக்கு இடம் 32 பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் இடத்தின் அளவு) மட்டுமே, தமிழில் எழுத்து, உயிர்மெய்யின் குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக மூன்று மூன்று பைட் எடுக்கும். "முருகன் மளிகைக் கடை" 53 பைட், நுழையாது. "முருகன் கடை" 31, சரியாக உட்கார்ந்தது. சில பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர் கட்டங்களாகத் தெரியும், அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

இப்போது நான் வரைந்துகொண்டிருக்கும் பட்டியலின் மாதிரியை அக்காவிடம்தான் முதலில் கொடுத்தேன். பெயரைத் தயங்காமல் அழுத்தினார், பெயரோடு வந்த கடவுச்சொல் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கீழே "மறந்துவிடு" என்ற பொத்தானில் விரலை வைத்து, "இது என்னத்த மறக்கச் சொல்லுது?" என்று கேட்டார். அன்று இரவே அதை "சேமித்த கடவுச்சொல்லை அழி" என்று மாற்றினேன்.