வேகம் அப்புறம், முதலில் பந்து பேட்டில் தங்கட்டும்

போன வருடம் பள்ளி திறந்த வாரத்தில் ஒரு தந்தை தன் ஒன்பது வயது மகனை எங்கள் டேபிள் டென்னிஸ் பயிற்சி அரங்குக்கு அழைத்து வந்தார். பையனின் தோளில் புதுப் பை, பைக்குள் கார்பன் அடுக்கு வைத்த பிளேடு (பேட்டின் பலகை), அதில் பெரிய ஆட்டக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர். "சார், நல்ல பேட்டுதான் வேணும்னு நெட்டுல பார்த்து வாங்கினேன். இதுல ஆடினா சீக்கிரம் முன்னேறுவான்ல?" என்றார். பையனை மேசைக்கு முன்னால் நிறுத்தி நாலு பந்து போட்டேன். நாலும் எதிர்ச் சுவருக்குப் போயின. அடுத்த நாலை அவன் பயந்து பயந்து தொட்டான். அவை வலைக்கே வந்து சேரவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கையால் அடக்க முடியாத பேட் அது.

சென்னையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் கற்றுத் தருகிறேன். இப்போது அடிக்கடி பார்க்கும் காட்சி இதுதான். இது இந்திய ஆட்டக்காரர்கள் சரத் கமலும் சத்தியனும் வளர்ந்த ஊர். 2006-இல் மெல்போர்னிலும், பதினாறு வருடம் கழித்து 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றவர் சரத். அவர் தூரத்தில் நின்று அடிக்கும் ஃபோர்ஹேண்டைப் பார்க்கிற பெற்றோருக்கு வேகம் மட்டும் கண்ணில் படுகிறது. பந்தை ரப்பரில் உரசித் தூக்கும் அந்தத் தொடுகை கண்ணில் படுவதில்லை. அதனால் வேகத்துக்கான பேட்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பந்தின் சுழற்சியைக் கை உணர வேண்டிய அந்த இரண்டு மூன்று வருடம் பிள்ளைக்குக் கிடைக்காமலே போய்விடுகிறது. பதினான்கு வயதில் அதே பிள்ளை வந்து, "கோச், அவன் சர்வீஸை எடுக்கவே முடியல" என்று அழும்போது திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனிடம் வெறும் மரப் பிளேடும் மெல்லிய ஸ்பாஞ்ச் ரப்பரும் உள்ள எங்கள் அரங்கத்து பேட் ஒன்றைக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் மேசைக்கே விடவில்லை. பேட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அப்புறம் ஒருமுறை கறுப்புப் பக்கம், ஒருமுறை சிவப்புப் பக்கம் என்று மாற்றித் தட்ட வேண்டும். அப்புறம் உயரத்தில் போட்ட பந்து பேட்டில் விழும்போது துள்ளாமல், முட்டையைக் கையில் வாங்குவதுபோல் வாங்க வேண்டும். இதில்தான் பல பிள்ளைகள் திணறுவார்கள். விழும் பந்தோடு பேட்டும் சேர்ந்து கீழே இறங்கினால்தான் பந்து தங்கும். விரல் இறுகியிருந்தால் தங்கவே தங்காது. "பேட்டை இறுக்கிப் பிடிக்காதேடா" என்று நூறு தடவை சொல்லிப் புரியாதது இந்த ஒரு பயிற்சியில் புரிந்துவிடும்.

சுழற்சியைச் சொல்லித்தர எனக்குப் பிடித்த வழி, முதலில் பேட்டே இல்லாமல் கையால் செய்வது. பந்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தரையில் முன்னால் தள்ளி விடும்போதே பின்பக்கமாகச் சுழற்றிவிட வேண்டும். பந்து கொஞ்ச தூரம் போய், நின்று, யோசித்ததுபோல் திரும்பி நம்மிடமே ஓடி வரும். இதைப் பார்த்த குழந்தை ஒன்றாவது சிரிக்காமல் இருந்ததில்லை. அந்தச் சிரிப்பு வந்த பிறகு பேட்டைக் கொடுத்து, "இப்ப விரல் செஞ்ச வேலையை ரப்பர் செய்யட்டும்" என்பேன். பந்தை அடிக்காமல் அதன் அடிப்பக்கத்தை உரசி மேலே விட வேண்டும். தரையில் விழுந்ததும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பந்தின் ஒரு பாதியில் மார்க்கரால் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் சுழற்சி கண்ணுக்கே தெரியும். பட்டை கலங்கித் தெரிந்தால் நன்றாகச் சுழல்கிறது. தெளிவாகத் தெரிந்தால் வெறுமனே தட்டியிருக்கிறான் என்று பொருள்.

பந்து ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். 40 மில்லிமீட்டர் விட்டம், 2.7 கிராம் எடை. இவ்வளவு லேசான பொருளுக்குக் காற்றே பெரிய ஆள். முன்பக்கமாகச் சுழலும் டாப் ஸ்பின் பந்தை அதைச் சுற்றி ஓடும் காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனால்தான் வலைக்கு மேல் உயரமாகப் போன பந்து சட்டென்று குனிந்து மேசையில் விழுகிறது. பிறகு முன்னால் பாய்கிறது. பேக் ஸ்பின்னில், நம் பிள்ளைகள் மொழியில் 'கட்' பந்தில், இது தலைகீழ். பந்து மிதந்து வரும், விழுந்த இடத்தில் தயங்கும், பேட்டில் பட்டதும் வலைக்குள் இறங்கும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் போடும் லூப், அதாவது பந்தை உரசித் தூக்கும் டாப் ஸ்பின் அடி, நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழலும்.

இந்த ஆட்டத்தில் சுழற்சி இவ்வளவு பெரிய இடம் பிடித்ததற்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952 உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்து ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றார். அதுவரை பிம்பிள் ரப்பரின் (மேலே குட்டிக் குட்டி முனைகள் நீட்டி நிற்கும் ரப்பர்) 'டொக்' ஓசையைக் கேட்டே எதிராளியின் அடியைக் கணித்துப் பழகியவர்கள், ஓசையே எழாத அந்த பேட்டின் முன்னால் திகைத்துப் போனார்கள். பிறகு வந்த விதிகள் ஸ்பாஞ்சுக்கு எல்லை கட்டின. இன்று பசையும் சேர்த்து ஒரு பக்கத்தின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆனால் பந்து ரப்பருக்குள் ஒரு கணம் புதைந்து வெளிவருவது அப்போதிலிருந்து ஆட்டத்தின் உயிர்நாடியாகிவிட்டது.

சர்வீஸுக்கு வருகிறேன். இங்கேதான் என் கோபமும் இருக்கிறது. மாவட்டப் போட்டிகளில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை நடுவர் 'ஃபால்ட்' சொல்லி கண் கலங்கி நிற்பதைப் பார்க்கிறேன். பந்து விரித்த உள்ளங்கையில் சும்மா இருக்க வேண்டும். விரலால் சுழற்றாமல், ஏறக்குறைய நேராக, குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே எழ வேண்டும். இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். மேசையின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால், மேசை மட்டத்துக்கு மேலே, எதிராளி பார்க்கும்படி. விதி இவ்வளவுதான். கையிலிருந்தே பந்தை அடித்து சர்வீஸ் போடப் பழகிய பிள்ளைக்கு ஆரம்பத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆறு மாதம் ஊறிய பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் ஆகும். எட்டு வயதிலேயே சரியாகத் தூக்கிப் போடக் கற்றுக் கொடுத்துவிடுங்கள்.

கட் சர்வீஸ் பழக ஒரு பயிற்சி சொல்கிறேன். எதிரில் ஆளே வேண்டாம். பந்தின் அடியை எவ்வளவு மெல்லியதாக உரச முடியுமோ அவ்வளவு உரசி, வலைக்கு அந்தப் பக்கம் விழச் செய்யுங்கள். அங்கே இரண்டாவது துள்ளலில் பந்து நிற்கிறதா, வலையைப் பார்த்துத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பி உங்கள் பக்கமே வந்துவிட்டால் அதுதான் பேய் சர்வீஸ் என்று பிள்ளைகள் கொண்டாடுவது. போட்டியில் அதைப் போடாதீர்கள். உயரமாகவும் மெதுவாகவும் போவதால் எதிராளி அடித்துவிடுவான். ஆனால் சுழற்சி உண்மையில் ஏறியிருக்கிறதா என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் ஆசிரியர் கிடையாது. அது கைவந்த பிறகு மெல்ல மெல்ல உயரத்தைக் குறையுங்கள். குட்டையான சர்வீஸுக்குப் பந்து முதலில் நம் பக்கத்தில் வலைக்குக் கிட்டே விழ வேண்டும், நீளமான சர்வீஸுக்கு நம் பக்கக் கடைசிக் கோட்டுக்குக் கிட்டே.

சர்வீஸை எடுக்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் தருவது ஒரே சூத்திரம். எதிராளியின் பேட் பந்தைத் தொடும் கணத்தில் எந்தத் திசைக்குப் போகிறதோ, உங்கள் பேட்டில் பட்ட பந்தும் அந்தத் திசைக்கே ஓடப் பார்க்கும். அவன் பேட் கீழே போனதா, உங்கள் பந்து கீழே வலைக்குள் போகும். மேலே போனதா, பந்து மேலே எகிறும். அவனுடைய வலமிருந்து இடம் போனதா, அவனுடைய இடப்பக்கம் ஓடும். ஆகவே அவன் பேட் புறப்பட்ட பக்கம் குறி வையுங்கள். டாப், கட், சைடு மூன்றுக்கும் இதே கணக்குதான். தொட்ட பிறகு அவன் கையை வீசிக் காட்டுவதெல்லாம் ஏமாற்று. அதைப் பார்க்காதீர்கள்.

இந்தக் கணக்கு பொய்க்கும் ஓர் இடம் உண்டு. அது நீள பிம்பிள் ரப்பர். பந்தைப் பற்றிக்கொள்ளாத ரப்பர் அது. நீங்கள் டாப் ஸ்பின் அனுப்பினால் கட்டாகத் திரும்பும். நீங்கள் கட் செய்து தள்ளினால் சுழற்சி இல்லாததுபோல, சில நேரம் லேசான டாப்பாகவே வரும். இந்திய வீராங்கனை மணிகா பத்ராவின் பேக்ஹேண்ட் பக்கம் இருப்பது இந்த வகைதான். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் அவர் ஒற்றையர் தங்கம் வென்றபோது அதன் குழப்பத்தை உலகமே பார்த்தது. பேட்டின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம் இருக்க வேண்டும் என்ற விதியே எந்த ரப்பரில் அடிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரிவதற்குத்தான். ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். வாங்கி, விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட் பந்தை லூப் செய்வதுதான் இளம் தோள்களைப் பழுதாக்குகிறது. பந்தைத் தூக்க வேண்டும் என்றதும் பிள்ளைகள் கையை மட்டும் வீசுவார்கள். முழங்காலை மடக்கி, வலது காலில் எடையை இறக்கி, இடுப்பு திரும்ப, கடைசியாக முன்கை வர வேண்டும். ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைத் தாங்கியில் பொருத்தி வைத்திருக்கிறேன். பேட்டால் டயரை உரசிச் சுற்ற வேண்டும். இடித்தால் சக்கரம் குலுங்கி நிற்கும், உரசினால் சுழன்றுகொண்டே இருக்கும். கூடை கூடையாக மல்டி பால் போட்டு வியர்க்க வைப்பதைவிடச் சின்னப் பிள்ளைக்கு இதில் ஐம்பது தடவை போதும். தோளோ முழங்கையோ வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வலி இரண்டு மூன்று நாளில் போகவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். "சும்மா சொல்றான் சார்" என்று அனுப்பி வைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து லேசு என்பதால் ஆடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். மே மாதத்தில் கதவடைத்த அரங்கில் அது எப்படியிருக்கும் என்று பெற்றோர் ஒருமுறை உள்ளே வந்து நின்று பார்க்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பேட்டையும் கையையும் துடைக்க வைப்பது எங்கள் வழக்கம். வியர்வை பட்ட ரப்பரில் பந்து வழுக்கும். பிள்ளை தன் அடி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிடியை மாற்றிக்கொண்டிருப்பான். ஆடி முடித்ததும் ஈரமான ஸ்பாஞ்சால் ரப்பரைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளை ஒட்டி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை விடாதீர்கள்.

ரப்பர் ஒட்டும் பசையில் இன்னும் கவனம் வேண்டும். முன்பு வேகம் கூடுவதற்காக ஆவியாகும் ரசாயனம் கலந்த பசையைப் பூசுவார்கள். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனைப் பூசியவர்களும் உண்டு. அந்த வாடை தலைச்சுற்றல் தரும், உடலுக்குக் கேடு. 2008-இல் உலகக் கூட்டமைப்பு அதைத் தடை செய்தது. இன்று தண்ணீரில் கரைந்த பசை இருக்கிறது. அதை மட்டும் வாங்குங்கள். மூடிய அறையில் பழைய பசையோடு அமர்ந்திருக்கும் அண்ணன்மார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் மேசை இல்லையே என்று கேட்பவர்களுக்கு: சாப்பாட்டு மேசை போதும். இரண்டு டம்ளரின் மேல் ஒரு நீளமான ஸ்கேலை வைத்தால் வலை. பந்து மட்டும் நன்றாக இருக்கட்டும். மேசையில் பம்பரம்போல் சுற்றிவிட்டுப் பாருங்கள். தள்ளாடினால் அது சுழற்சி பழக உதவாது. தினம் பதினைந்து நிமிடம், பெரும்பகுதி உரசல், கொஞ்சம் சர்வீஸ்.

அந்த ஒன்பது வயதுப் பையனின் கார்பன் பேட் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. மூன்றாம் மாதக் கடைசியில் அவன் அப்பா இரவு பத்து மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். சாப்பாட்டு மேசையில் பந்து ஸ்கேலைத் தாண்டி விழுகிறது, ஒரு கணம் நிற்கிறது, திரும்பி ஸ்கேலில் வந்து மோதுகிறது. பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல்: "இன்னொரு தடவை போடு கண்ணா, நான் பார்க்கல."