சார்ல்ஸ்டனுக்கு வந்தால் பின்கட்டையும் பாருங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரை ஊரான சார்ல்ஸ்டனில், பழைய செங்கல் கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளராக வேலை பார்க்கிறேன். சார்லட், அட்லாண்டா பக்கமிருந்து நம் ஆட்கள் வார இறுதியில் குடும்பத்தோடு இங்கே வருவார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கட்டாயம் கூட்டிவருவார்கள். "ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?" என்று எனக்குப் போன் வரும். கேட்கும்போதே அவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும்: ரெயின்போ ரோ, குதிரை வண்டி, சிட்டி மார்க்கெட், பேட்டரி என்னும் கடலோர நடைபாதை. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஊரின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள்.

ரெயின்போ ரோவுக்குக் கால் மணி நேரம் போதும். ஈஸ்ட் பே தெருவில் வரிசையாக 13 வீடுகள். ஒரு காலத்தில் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த வணிகர்களின் வீடுகள் அவை. இன்று பார்க்கும் வெளிர் வண்ணங்கள் 1930களில்தான் அடிக்கப்பட்டன. படம் எடுத்துவிட்டு உள்தெருக்களுக்குள் நடங்கள்.

அங்கே வீடுகள் தெருவுக்கு முதுகு காட்டுவதுபோலக் குறுகலாக நிற்கும். இந்த ஊர்க்காரர்கள் இதை 'சிங்கிள் ஹவுஸ்' என்பார்கள். அகலத்தில் ஓர் அறைதான், மீதியெல்லாம் நீளத்தில் போகும். தெருக்கதவைத் திறந்தால் வீடு வராது, பக்கவாட்டில் ஓடும் நீளத் தாழ்வாரம்தான் வரும். பெரும்பாலும் தெற்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

சுவர்களை அண்ணாந்து பாருங்கள். மாடி உயரத்தில் வட்டமாகவோ நட்சத்திரம் போலவோ இரும்புத் தகடுகள் தெரியும். பலர் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1886 ஆகஸ்ட் 31 இரவு, ஏறக்குறைய 7 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் இந்த ஊரைக் குலுக்கியது. வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நின்ற சுவர்களை இழுத்துப் பிடிக்க, தளத்தின் ஊடாக இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, வெளியே தகடு வைத்து முறுக்கினார்கள். 'நிலநடுக்க போல்ட்' என்பது இதுதான். இது இருப்பதால் வீடு பாதுகாப்பானது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய அதிர்வு இங்கே வரவில்லை, உப்புக் காற்றில் எத்தனையோ கம்பிகள் உள்ளுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

இந்தச் சுவர்களைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தில். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் விடாது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விருந்தினர் விடுதியின் பின்சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஈரம் தெரியக்கூடாது என்று முந்தைய ஒப்பந்தக்காரர் உட்புறம் முழுக்க சிமென்ட் பூசியிருந்தார். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, உப்புப் பூத்து, செங்கலின் முகமே பொரிந்து உதிர்ந்திருந்தது. பூச்சைத் தட்டினால் பூச்சோடு செங்கலும் வந்தது. பல தலைமுறை தாங்கி நின்ற சுவர் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஏனென்றால் அந்தச் செங்கல் யார் செய்தது என்று எனக்குத் தெரியும். கூப்பர், வாண்டோ ஆறுகளின் கரையில் இருந்த சூளைகளில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கையால் அறுத்தவை இவை. ஈரம் காயுமுன் புரட்டிப் போடும் வேலையைச் சிறுபிள்ளைகளும் செய்தார்கள். சில செங்கற்களில் அவர்களின் விரல் பதிந்த குழி இன்றும் இருக்கிறது. அதில் தங்கள் விரலை வைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது, ஆயிரக்கணக்கான பேர் தொட்டால் அந்தக் குழி தேய்ந்தே போய்விடும். கண்ணால் பார்த்தால் போதும். உதிர்ந்த செங்கல் துண்டை நினைவாக எடுத்துப் போவதும் கூடாது.

சரி, ஒரே ஒரு வீட்டுக்குள் போக நேரம் இருக்கிறதென்றால்? எலிசபெத் தெருவில் இருக்கும் எய்க்கன்-ரெட் மாளிகைக்குப் போங்கள். 1820 வாக்கில் கட்டியது, பிறகு இந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவரின் வீடு. இதைப் புதுப்பித்துப் பளபளப்பாக்காமல், கிழிந்த சுவர்த்தாளும் உரிந்த வண்ணமுமாக, கிடைத்த நிலையிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என் தொழிலில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. முன்கூடத்தில் அதிக நேரம் செலவழிக்காமல் பின்கட்டுக்கு நடங்கள். உயர்ந்த மதிலுக்குள் சமையற்கட்டு, துணி வெளுக்கும் இடம், குதிரை லாயம், மாடியில் அடிமைகள் படுத்துறங்கிய சின்னச் சின்ன அறைகள். முன்வீட்டின் சொகுசு எங்கிருந்து வந்தது என்பது இங்கே நின்றால்தான் புரியும்.

இன்னொரு தவறான தகவலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. சிட்டி மார்க்கெட்டில்தான் அடிமைகளை விற்றார்கள் என்பார்கள். இல்லை. அது இறைச்சியும் மீனும் காய்கறியும் விற்ற சந்தை. மனிதர்களை ஏலம் விட்டது பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை ஒட்டிய வெளியிலும் சுற்றுத் தெருக்களிலும். 1856இல் பொதுவெளி ஏலத்துக்கு நகரம் தடை போட்டதும் வியாபாரம் நான்கு சுவருக்குள் போனது. அப்படிப்பட்ட ஓர் ஏலக்கூடம் சால்மர்ஸ் தெருவில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறிய இடம்தான், அவசியம் பாருங்கள். அந்தத் தெருவில் உருண்டைக் கல் பாவியிருப்பதால் பெரியவர்களைக் கைபிடித்து நடத்திச் செல்லுங்கள். அப்புறம் சிட்டி மார்க்கெட்டில் இனிப்புப்புல் கூடை பின்னும் பெண்களிடம் விலை அதிகம் என்று பேரம் பேசாதீர்கள். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் குல்லா மக்கள். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கைவேலை அது. நெல் புடைக்கும் முறம்கூட ஒரு காலத்தில் இப்படித்தான் பின்னினார்கள். இந்த ஊரின் செல்வமே நெல்லில் வந்ததுதான், அந்த நெல் வேளாண்மையும் மேற்கு ஆப்பிரிக்க மக்களின் அறிவையும் உழைப்பையும் நம்பி நடந்தது.

கிளம்புமுன் வானிலையோடு கடல் ஏற்ற அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஊரின் பல தெருக்கள் ஓடைகளையும் சதுப்பையும் தூர்த்துப் போட்டவை, மார்க்கெட் தெருவே ஒரு காலத்து ஓடைதான். கடந்த நூறாண்டில் இங்கே கடல்மட்டம் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்திருக்கிறது. அட்டவணையில் ஏற்றம் 7 அடியைத் தொட்டால், ஒரு துளி மழை இல்லாமலே தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நிற்கத் தொடங்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இது அதிகம். தேங்கியது உப்புநீர், அதில் காரை ஓட்டாதீர்கள். குழந்தைகளை விளையாட விடாதீர்கள், சாக்கடையும் அதில் கலந்திருக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் 1861 ஏப்ரல் 12 அன்று விழுந்த சம்டர் கோட்டைக்குப் படகில் போய்வர அரை நாள் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் போகலாம். ஊரைச் சுற்றி அடிமைகள் உழைத்த பழைய பண்ணைகளில் ஒன்றுதான் முடியும் என்றால் மெக்லியாட் பண்ணையைச் சொல்வேன். அங்கே அடிமைகளின் மரக் குடில்கள் இன்றும் நிற்கின்றன, கதையையும் அவர்கள் பக்கம் நின்று சொல்கிறார்கள்.

சாயங்காலத்தை கேட்ஸ்டன் துறைக்கு ஒதுக்குங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கப்பல்கள் மனிதர்களை இறக்கிய துறை. 2023 ஜூனில் இங்கே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 18 தூண்கள் மேல், தரையிலிருந்து 13 அடி உயரத்தில் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் அது நல்லதுதான், ஆனால் முதல் காரணம் அந்த மண்ணை மறைக்கக்கூடாது என்பது. உள்ளே போகச் சீட்டு வேண்டும், கட்டடத்துக்குக் கீழே நிற்கச் சீட்டு வேண்டாம். அங்கே தளத்தில், அடிமைக் கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே மெல்லிய நீர் பரவி அவர்களை மூடும், சற்று நேரத்தில் வடிந்து மறுபடி காட்டும். அப்பா அம்மாவோடு வந்தவர்கள் அங்கே ஓரமாக உட்கார்ந்து, ஒரு தடவை நீர் ஏறி இறங்கும்வரை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.