டீலாமினேஷன்: தமிழில் படலப் பெயர்வு

மடக்கும் ஃபோன், சுருட்டி வைக்கிற திரை, தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார், இதைப் பற்றியெல்லாம் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பத்திக்குள்ளேயே வந்து நிற்கிற சொல் டீலாமினேஷன். சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சிலர் அடுக்குப் பிரிவு என்கிறார்கள், இன்னும் சிலர் ‘படலம் பழுதடைதல்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நான் படலப் பெயர்வு என்று எழுதுகிறேன். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் தினமும் புழங்குகிற சொல் அது, அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்யத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு அடித்தளத்தின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் படிய வைக்கிறோம். பிளாஸ்டிக் தாளின் மேல் தாமிரம், கண்ணாடியின் மேல் ஆக்சைடு, எஃகின் மேல் நிக்கல் முலாம் என்று எதுவாகவும் இருக்கட்டும். இரண்டும் ஒட்டியிருக்கிற அந்த முகத்தில் ஒட்டு விட்டுப்போய், படலம் அடித்தளத்தை விட்டுக் கிளம்புவதுதான் டீலாமினேஷன். படலத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். மேலே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் அடியில் பிடிப்பு இருக்காது. விரிசல் இதற்கு நேர்மாறு: படலம் தரையை விடாமல் பிடித்துக்கொண்டே நடுவில் பிளந்துபோகும். இரண்டையும் ‘ஃபெயிலியர்’ என்று ஒரே பையில் போட்டுவிட்டால் எதை எப்படிச் சரிசெய்வது என்றே தெரியாமல் போய்விடும், ஏனென்றால் விரிசலுக்குப் படலத்தை மாற்ற வேண்டும், பெயர்வுக்கு ஒட்டை மாற்ற வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. லாமினா என்றால் மெல்லிய தகடு. அதிலிருந்து லாமினேட், லாமினேஷன். ரேஷன் கார்டை லாமினேஷன் போடுகிறோமே, அதே சொல்தான். முன்னால் வருகிற ‘டீ’ விலகுவதைக் குறிக்கும். ஆக, தகடாக ஒட்டியிருந்தது கழல்வது. ஒட்டுப்பலகை, கார்பன் ஃபைபர் மாதிரியான பொருட்களில் ஒரே மாதிரித் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும், அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அங்கே அடுக்குப் பிரிவு என்பது சரியாகவே பொருந்தும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பூச்சு, முலாம், மென்படலம் என்று வரும்போது அடுக்குகள் சமமானவை இல்லை. ஒன்று தாங்குவது, இன்னொன்று ஒட்டியிருப்பது. ‘பிரிவு’ என்று சொன்னால் யார் யாரை விட்டுப் போனார்கள் என்பது தெரிவதில்லை. பெயர்தல் என்றால் தெரிந்துவிடும்: ஒட்டியிருந்தது தன் இடத்தை விட்டுக் கிளம்பிவிட்டது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் பழைய வீட்டில் மராமத்து நடக்கும்போது பாருங்கள். அந்தச் சுவர்ப் பூச்சு ஒரே கலவை இல்லை. அடியில் சொரசொரப்பான சுண்ணாம்புக் காரை, அதன் மேல் இன்னும் நைசான காரை, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய பூச்சு, அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. கொத்தனார் கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார். விரலை மடக்கிச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடத்தில் சத்தம் அடங்கி வரும், ஒட்டு விட்ட இடத்தில் பானையைத் தட்டின மாதிரி வரும். “ஆச்சி, பார்வைக்குத்தான் நல்லா இருக்கு, உள்ள பேந்து போச்சு” என்பார். ‘பேந்து’ என்பது பெயர்ந்து என்பதன் பேச்சு வடிவம். காரை இன்னும் கீழே விழவில்லை, விரிசல்கூட இல்லை, ஆனாலும் அவர் பெயர்ந்துவிட்டது என்றுதான் சொல்கிறார். டீலாமினேஷன் என்ற சொல்லின் இலக்கணமே இதுதான். விழுவது அப்புறம் நடப்பது.

ஏன் பெயர்ந்தது என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார். சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். சிமெண்ட் விறைப்பு, சுண்ணாம்பு இளக்கம். வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் ஒரே அளவு அசைவதில்லை, உள்ளே ஏறின ஈரம் வெளியேறவும் சிமெண்ட் விடுவதில்லை. வளையும் மின்னணுக் கருவிகளில் படலம் பெயர்வதற்குச் சொல்லப்படுகிற முக்கியமான காரணங்களும் விறைப்புப் பொருந்தாமை, வெப்ப விரிவுப் பொருந்தாமை, ஒட்டுமுகத்தில் ஈரம் இவைதான்.

‘பெயர்வு’ என்றால் நேம் என்ற பொருள் குறுக்கே வராதா என்று கேட்கிறார்கள். வராது. இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்று எழுதும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லையே. இன்னொரு வசதியும் உண்டு. தானாக நடந்தால் பெயர்தல், நாம் செய்தால் பெயர்த்தல். சோதனைக்காக வேண்டுமென்றே கிளப்புவதைப் பெயர்த்தல் என்றும், பயன்பாட்டில் தானாகக் கிளம்புவதைப் பெயர்தல் என்றும் ஒரு எழுத்தில் வேறுபடுத்திவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்.

சரி, படலத்துக்குள் என்ன நடக்கிறது? இங்கேதான் விஷயம் சுவையானது. யாரும் தொடாமல், மடக்காமல் வைத்திருக்கிற படலம்கூடப் பெயரும். 1909 இல் ஜார்ஜ் ஜெரால்ட் ஸ்டோனி மின்முலாம் முறையில் எஃகுத் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நிக்கலைப் படிய வைத்துப் பார்த்தார். தகடு வளைந்தது. நிக்கல் படியும்போதே தனக்குள் இழுவிசையை வைத்துக்கொண்டு படிகிறது என்பதை அந்த வளைவு காட்டிக்கொடுத்தது. வளைவை அளந்தால் படலத்துக்குள் இருக்கும் தகைவை (ஓரலகுப் பரப்பில் உள்ள விசையை) கணக்கிடலாம் என்று அவர் தந்த சமன்பாடு இன்றும் ஸ்டோனி சமன்பாடு என்ற பெயரில் புழக்கத்தில் இருக்கிறது. கனமாக ஏற்றினால் முலாம் தானே உரிந்து சுருண்டுகொள்வதற்கும் காரணம் இந்த உள்தகைவுதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953 இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, முலாமும் அரிமானமும் ஆராய்கிற இடம். அப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு இந்தத் துறைக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெயர்வதற்கான உந்துதலை இப்படிச் சொல்லலாம்: தகைவின் இருமடியை (வர்க்கத்தை) எடுத்து, அதைப் படலத்தின் கனத்தால் பெருக்கி, பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தால் வகுத்தால் வருவதற்கு ஏற்றபடி ஆற்றல் விடுபடும். அந்த ஆற்றல் ஒட்டைப் பிய்க்கத் தேவையானதைத் தாண்டினால் பெயர்வு ஓட ஆரம்பிக்கும். கனம் இரண்டு மடங்கானால் உந்துதலும் இரண்டு மடங்கு, தகைவு இரண்டு மடங்கானால் உந்துதல் நான்கு மடங்கு. அதே பொருள், அதே ஒட்டு, கனம் மட்டும் கூடியதும் திடீரென்று பெயர்வதன் ரகசியம் இதுதான். இன்னும் கொஞ்சம் கனமாகப் போட்டால் உறுதியாக இருக்கும் என்ற நினைப்பு மென்படலத்தில் பெரும்பாலும் எதிராகத்தான் முடியும்.

இப்போது மடக்கிப் பார்ப்போம். தாளின் கனத்தை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் வரும் திரிபு, அதாவது அது எத்தனை பங்கு நீள்கிறது என்பது, கிடைத்துவிடும். 100 மைக்ரான் பிளாஸ்டிக் தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் 1 சதவீதம், 2.5 மில்லிமீட்டருக்கு வளைத்தால் 2 சதவீதம். தொடுதிரைகளில் ஒளி ஊடுருவும் மின்கடத்தியாக இருக்கிற இண்டியம் டின் ஆக்சைடு சுமார் 1 முதல் 2 சதவீதத்துக்குள்ளேயே வெடித்துவிடும். படலம் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்தால் அது இழுபடும்; வளைக்கிற திசைக்குக் குறுக்காக, கிட்டத்தட்ட இணைகோடுகளாக விரிசல் வரிசை கட்டும். மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டு செய்தால் மின்தடை குபீரென்று ஏறுவது தெரியும். தாளை நிமிர்த்தினால் பிளந்த விளிம்புகள் மறுபடி தொட்டுக்கொள்வதால் தடை ஓரளவு இறங்கும், அதைப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. படலம் உள்பக்கம் வரும்படி வளைத்தால் அமுக்கம். அமுங்குகிற படலத்துக்குப் போக இடமில்லை, எங்கே ஒட்டு பலவீனமோ அங்கே மேலே எழும்பும். எழும்பிய இடத்தின் ஓரத்தில் ஒட்டு இன்னும் பிய்ந்து, அந்த எழுச்சி ஊர்ந்துகொண்டே போகும், சில படலங்களில் பழைய டெலிஃபோன் ஒயர் மாதிரி நெளிநெளியாக. இந்த எழும்புதலுக்கு உப்பல் என்ற சொல் போதும். சுவர் உப்பிவிட்டது என்று நாம் சொல்வதுதானே.

உலோகப் படலத்தின் கதை கொஞ்சம் வேறு, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். தனியாக எடுத்து இழுத்தால் மெல்லிய தாமிரப் படலம் 1, 2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். அதையே பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் தாளில் நன்றாக ஒட்ட வைத்து இழுத்தால் 10 சதவீதம் வரைகூட விரிசல் இல்லாமல் தாங்கும். காரணம், ஓரிடத்தில் மட்டும் இளைத்து மெலிய அடித்தளம் விடுவதில்லை, நீட்சியைப் பரத்திவிடுகிறது. எங்கே ஒட்டு விடுகிறதோ அங்கே அந்தக் காவல் போய்விடும், படலம் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து அறும், மெலியும்போது பக்கத்து ஒட்டையும் பிய்க்கும். பெயர்வும் அறுதலும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அதனால்தான் பொன் படலத்துக்கு அடியில் சில நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ போடுகிறார்கள். பொன் ஆக்சைடாவதில்லை, ஆக்சைடு தரையோடு அதற்குப் பிடிப்பு இல்லை. குரோமியம் இரண்டு பக்கமும் கைபிடித்துக்கொள்ளும். இதை ஒட்டுப்படலம் என்று எழுதலாம். விரிசலைத் தள்ளிப்போட இன்னொரு வழி, இழுவிசையும் அமுக்கமும் இல்லாத நடுத்தளத்தில் படலத்தை வைப்பது, அதாவது மேலே இன்னொரு தாளைப் போட்டு நடுவில் சிக்கவைப்பது.

இனி மற்றச் சொற்களையும் ஒழுங்காக்கிக்கொள்ளலாம். உரிதல் என்பதை விளிம்பிலிருந்து தொடங்கித் தோல்போல் கழல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பெயர்ந்த படலம் உடைந்து செதில் செதிலாக விழுந்தால் அது பொருக்கு உதிர்தல். குளத்துச் சேறு காய்ந்து பொருக்கு எழும்புகிறதே, அதே பொருக்கு. ஒட்டுமுகத்திலேயே சுத்தமாகப் பெயர்ந்ததா, அல்லது படலத்துக்குள்ளேயே கிழிந்து பாதி தரையிலேயே தங்கிவிட்டதா என்ற வேறுபாட்டுக்குப் பள்ளிப் புத்தகத்தில் படித்த வேற்றினக் கவர்ச்சி, ஓரினக் கவர்ச்சி இரண்டும் இருக்கவே இருக்கின்றன. முன்னது தோற்றால் ஒட்டுப்பிழை, பின்னது தோற்றால் உட்பிழை.

சோதனை முடிவுகளை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. படலத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கட்டம் கீறி, அதன் மேல் டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுத்து, எத்தனை கட்டம் பெயர்ந்தது என்று பார்ப்பது எல்லா இடத்திலும் நடக்கிற சோதனை. இதைக் கட்டக்கீறல் சோதனை எனலாம். ஐஎஸ்ஓ 2409 என்ற சர்வதேசத் தர முறையில் 0 என்றால் எதுவும் பெயரவில்லை, 5 என்றால் மிக மோசம். ஏஎஸ்டிஎம் டி3359 என்ற அமெரிக்கத் தர முறையில் தலைகீழ்: 5பி தான் சிறந்தது, 0பி மோசம். அதனால் தமிழில் ‘பெயர்வுத் தரம் 5’ என்று மொட்டையாக எழுதாமல் எந்த முறை என்பதையும் பக்கத்திலேயே சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் நல்ல பூச்சைக் கெட்டது என்று படித்துவிடுவார்கள்.