ஹீட்டர் போடாத ஊரிலும் காபனோரொட்சைட்டு வரும்

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் சின்ன விமானங்களைப் பராமரிக்கிற வேலை எனக்கு. பறக்கப் பழக வருகிற பொடியன்களிடம் காபனோரொட்சைட்டைப் (எஞ்சின் புகையில் இருக்கிற, நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு, கார்பன் மோனாக்சைடு) பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "சேர், கொழும்பு வெக்கையில ஆர் ஹீட்டர் போடுறது?" கேள்வி நியாயமானதுதான். செஸ்னா போன்ற சின்ன விமானங்களில், எஞ்சின் புகை போகிற மஃப்ளரைச் (சைலன்சர்) சுற்றியிருக்கிற உறைக்குள்ளால் காற்றை அனுப்பி, சூடாக்கி, அதைத்தான் கேபினுக்குள் விடுகிறார்கள். மஃப்ளரில் வெடிப்பு இருந்தால் புகையும், அதிலுள்ள காபனோரொட்சைட்டும் கூடவே வரும். அப்போ ஹீட்டரை மூடி வைத்தால் சரிதானே என்று நினைக்கிறார்கள்.

சரியில்லை. 2017 டிசம்பர் 31, அவுஸ்திரேலியாவில் நடுக்கோடை. சிட்னிக்கு வடக்கே ஹோக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு எழும்பிய பீவர் கடல்விமானம், போக வேண்டிய பாதையில் இல்லாத ஜெருசலேம் குடாவுக்குள் தாழ்வாக நுழைந்து, திரும்புகையில் தண்ணீரில் விழுந்தது. விமானியோடு ஆறு பேரும் இறந்துபோனார்கள். விமானி நல்ல அனுபவசாலி, அந்த இடமும் அவருக்குப் பழக்கம். அப்படிப்பட்டவர் ஏன் அதற்குள் போனார் என்பதற்கு விசாரணையாளர்களிடம் நெடுநாள் பதில் இல்லை.

தீப்பிடிக்காத விபத்து என்பதால் தொடக்கத்தில் யாரும் குருதியில் காபனோரொட்சைட்டு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் திரும்பப் படித்த மருத்துவ நிபுணர் ஒருவர் சொன்ன பிறகுதான், 2020இல், சேமித்து வைத்திருந்த குருதி மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். விமானியின் ஈமோகுளோபினில் 11 சதவீதம் காபனோரொட்சைட்டு பிடித்திருந்தது. குழப்பம், பார்வைத் தடுமாற்றம், திசை மயக்கம் எல்லாம் வரக்கூடிய அளவு. சிதைவுகளில் பார்த்தால் எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற எக்ஸாஸ்ட் வளையத்தில் பழைய வெடிப்புகள், எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில் போல்ட் இல்லாத வெறும் துளைகள். புகை வந்த வழி ஹீட்டர் இல்லை, அந்தத் துளைகள்தான். புறப்படுவதற்கு முன் விமானி கதவை லேசாகத் திறந்தபடி 27 நிமிடம் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்ததும் நிலைமையை மோசமாக்கியிருக்கிறது.

இங்கே ஒரு விமானம் விழுந்தால் பின்னேரத்துக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் "பைலட்டின் பிழை" என்று தீர்ப்பு வந்துவிடும். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆவது இணைப்பு சும்மா சொல்லவில்லை. பழியோடு நிறுத்தியிருந்தால் அந்த போல்ட் துளைகளை யார் தேடியிருப்பார்கள்?

2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். அவருடைய ஈமோகுளோபினில் 58 சதவீதம் காபனோரொட்சைட்டு பிடித்திருந்தது. அந்த விமானத்திலும் சத்தம் போட்டு எச்சரிக்கிற கருவி இல்லை.

எங்கள் வேலையில் என்ன செய்யலாம்? உறையைக் கழற்றாமல் மஃப்ளரைப் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடக்கூடாது. எஞ்சின் ஆறின பிறகு வாக்கூம் கிளீனரின் ஊதுகிற பக்கத்தைப் புகை வெளியேறுகிற டெயில்பைப்பில் வைத்து, மூட்டுகளிலும் வெல்டிங்கிலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் நுரை தள்ளிக் காட்டிக்கொடுக்கும். ஃபயர்வாலுக்கு இன்னும் எளிது: ஹேங்கரை இருட்டாக்கி, ஒருவர் எஞ்சின் பக்கம் டோர்ச் அடிக்க, மற்றவர் கேபினுக்குள் படுத்துக்கொண்டு எங்கே வெளிச்சம் வருகிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் போகிற ரப்பர் வளையங்கள் இந்தக் காலநிலையில் சீக்கிரம் வெடித்துவிடும், அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

பறப்பவர்களுக்கு: சர்க்கியூட் அடித்துவிட்டு (ஓடுபாதையைச் சுற்றிப் பறந்து பழகிவிட்டு) இறங்கி "தலையிடிக்குது, வெயில்" என்று ஒரு தம்பிலி (செவ்விளநீர்) வெட்டிக் குடிப்பது இங்கே வழக்கம். பெரும்பாலும் வெயில்தான். ஆனால் ஒரே விமானத்தில் போன இரண்டு பேருக்கும் தலையிடி என்றால், அந்த விமானத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கின விரல் ஒக்சிமீட்டரை மாட்டி 98 காட்டுது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், அதற்கு ஒட்சிசனுக்கும் காபனோரொட்சைட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆஸ்பத்திரியில் குருதி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வானில் சந்தேகம் வந்தால் ஹீட்டரை மூடி, காற்றுத் துவாரங்களையும் யன்னலையும் திறந்து, கிட்டிய ஓடுபாதையில் இறங்குங்கள்.

டாஷ்போர்டில் ஒட்டுகிற, காபனோரொட்சைட்டு பட்டால் நிறம் மாறுகிற அந்த அட்டையை நான் நம்புவதில்லை. காலாவதியாகிப் பல மாதமாய் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், தவிர அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அது உங்களைக் கூப்பிடாது. மூளை மங்குகிற நேரத்தில் யார் அட்டையைப் பார்ப்பது? பாட்டரியில் ஓடுகிற, அலாரம் அடிக்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கிப் பறக்கிற பையிலேயே போட்டு வையுங்கள். கிளப் வாங்கித் தரும் என்று காத்திருக்காதீர்கள்.