அரியலூர் ஆல்பர்ட்டா ஆன கதை

கும்பகோணத்தில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன், ஹாம் ரேடியோ பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே மேசையில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளைப் பிரித்துப் பார்க்கக் கை அரிக்கும். அப்படி அரித்துத்தான் டெல்டா நண்பர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன கான்டெஸ்ட்டை (ரேடியோவில் யார் அதிகத் தொடர்பு பிடிக்கிறார் என்ற போட்டி) நானே கெடுத்தேன். உங்கள் பக்கத்திலும் யாராவது "எஃப்டி8-ஐ நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி மாத்திடலாம்" என்று கிளம்பியிருந்தால், பென் டிரைவ் கைமாறுவதற்குள் இதைப் படிக்கச் சொல்லுங்கள். எஃப்டி8 என்பது கம்ப்யூட்டர்கள் ரேடியோ வழியாகக் குறுஞ்செய்தி மாற்றிக்கொள்ளும் முறை.

ஆசை வந்ததற்குக் காரணம் நியாயமானதுதான். டிஜிட்டல் கான்டெஸ்ட்டில் பெரும்பாலும் கிரிட்தான் (பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்த இடக் குறி) எக்ஸ்சேஞ்ச், அதாவது இருவரும் பரிமாறிக்கொள்ள வேண்டிய தகவல். நாலு இடக் கிரிட் என்பது இரண்டு டிகிரி அகலம், ஒரு டிகிரி உயரம். நம் பக்கத்தில் கிழக்கு மேற்காகச் சுமார் 220 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 110. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாமே எம்கே90. பதினோராவது டிகிரிக் கோடு ஆடுதுறைப் பக்கமாகப் போவதால் மயிலாடுதுறை மட்டும் எம்கே91. காவிரி டெல்டா மொத்தத்துக்கும் இரண்டே கட்டம் என்றால் போட்டியில் என்ன ருசி இருக்கும்? மாவட்டக் குறி வைத்தால் களைகட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்.

எஃப்டி8-ஐ ஓட்டும் மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் திறந்த மூலம். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017-இல் எஃப்டி8-ஐக் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து கான்டெஸ்ட்களுக்கென்று தனிச் செய்தி வகைகள் உள்ளேயே இருக்கின்றன. அதில் அமெரிக்க ஃபீல்டு டே என்கிற கான்டெஸ்ட்டுக்கான வகையைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பிரிவுப் பெயருக்கு (அனுப்புகிறவர் எந்தப் பகுதி என்பதற்கு) 7 பிட், அதாவது 128 இடம். நமக்கு வேண்டியது 38. ஃபோர்ட்ரான் கோப்பைத் திறந்து, அமெரிக்க, கனடியப் பிரிவுப் பட்டியலை எடுத்துவிட்டு நம் மாவட்டங்களை ஆங்கில அகரவரிசையில் போட்டேன். ஒரு மாலை வேலை. (வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவருக்கு 1இ, கரண்டில் ஓட்டுகிறவருக்கு 1டி என்ற ஃபீல்டு டே வகுப்பை அப்படியே விட்டேன், நம் ஊர் மின்வெட்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.)

இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எஃப்டி8 செய்தி ஒவ்வொன்றும் 77 பிட்தான். அதோடு 14 பிட் சிஆர்சி (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு), 83 பிட் பிழைதிருத்தம் சேர்ந்து 174. அது 79 தொனிகளாக 12.64 விநாடியில் போய்விடும், 15 விநாடிக்கு ஒரு முறை. இந்தச் சிக்கனத்தில் "தஞ்சாவூர்" என்ற பெயருக்கு எங்கே இடம்? பட்டியலில் எத்தனையாவது என்கிற எண் மட்டும்தான் காற்றில் போகிறது, பெயரை எடுத்துப் போடுவது கேட்கிறவர் கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியல். அனுப்புகிறவர் பட்டியலும் கேட்கிறவர் பட்டியலும் வேறு வேறாக இருந்தால் தப்பு நடந்ததே தெரியாது. சிஆர்சி சரி, டிகோட் சுத்தம், சிக்னல் நன்றாக இருக்கும், ஊர் மட்டும் தப்பாக இருக்கும்.

என் பட்டியலில் முதலில் அரியலூர், இரண்டாவது செங்கல்பட்டு, மூன்றாவது சென்னை. அசல் பட்டியலில் அந்த இடங்களில் ஆல்பர்ட்டா, அலாஸ்கா, அலபாமா. என் பதிப்பு கிடைக்காத நண்பர் ஒருவர் அசலை வைத்தே உட்கார்ந்திருந்தார். கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் இருக்கிறவரைக் கனடாவில் கொண்டுபோய் லாக் செய்து (தொடர்புப் பதிவேட்டில் ஏற்றி), டிஎக்ஸ் (தொலைதூரத் தொடர்பு) பிடித்த சந்தோஷத்தில் எனக்கு போன் வேறு போட்டார்.

அது சிரிப்பு. அடுத்தது வயிற்றெரிச்சல். நான் முதலில் எடுத்த மாவட்டப் பட்டியல் பழையது, மயிலாடுதுறை அதில் இல்லை. அந்த மாவட்டம் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து 38-வது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பர் 28-இல். தப்பு தெரிந்ததும் அகரவரிசையில் அதற்குரிய இடத்தில் சொருகி, புதிய பதிப்பைக் கொடுத்தேன். சொருகினால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி நகரும் என்பது எந்தப் புதுப் புரோகிராமருக்கும் தெரியும், அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பழைய பதிப்பிலிருந்து நாகப்பட்டினம் என்று அனுப்பினால் புதியதில் மயிலாடுதுறை என்று விழுந்தது. தஞ்சாவூர் தென்காசியானது. மூன்று விதப் பட்டியல்களோடு ஒரே அலைவரிசையில் பேசிய லாக்குகளைத் திருத்த எனக்கு நான்கு ராத்திரி ஆனது, கடைசியில் பாதிக் கணக்கைத் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

சரி, வேறு வழி? 13 எழுத்துக்குள் எதையும் எழுதக்கூடிய சுதந்திரச் செய்தியில் மாவட்டத்தை எழுதலாம் என்பார்கள். அதில் கால் சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) இருக்காது, தானாக அடுத்த செய்திக்குப் போகிற வசதியும் படுத்துவிடும். ரவுண்டப் என்ற இன்னொரு கான்டெஸ்ட் வகையில் வரிசை எண்ணுக்கு இடம் இருக்கிறது, 7999 வரை. அதையே மாவட்ட எண்ணாகக் கொள்ளலாம், எல்லாரும் அசல் மென்பொருளையே வைத்துக்கொள்ளலாம், எண் எண்ணாகவே தெரியும் என்பதால் ஆல்பர்ட்டா வம்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தொடர்புக்குப் பிறகும் அந்த எண் தானாக ஒன்று கூடும். கையால் திருப்பி வைக்க மறந்தால் தஞ்சாவூர்க்காரர் அரை மணி நேரத்தில் பத்து மாவட்டம் சுற்றிவிடுவார்.

இப்போது நாங்கள் செய்வது இது: காற்றில் எதையும் மாற்றுவதில்லை. வேர்ல்டு வைடு டிஜி என்ற கான்டெஸ்ட் வகையில் கால் சைனும் கிரிட்டும் மட்டும் போகின்றன. யார் எந்த மாவட்டம் என்ற பட்டியலைக் கான்டெஸ்ட்டுக்கு முன்பே எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டுவிடுகிறோம். ஒரு தொடர்பை லாக் செய்ததும் மென்பொருள் அதை யூடிபி 2237 போர்ட்டில் (மற்ற நிரல்கள் கேட்கக்கூடிய வழி) வெளியே சொல்லும். அதைப் பிடித்து, கால் சைனைப் பார்த்து, ஏடிஐஎஃப் (லாக் கோப்பு வடிவம்) வரியில் மாவட்டக் குறியைச் சேர்க்க ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும். தப்பு வந்தாலும் லாக்கில்தான் வரும், அதை மறுநாள் திருத்தலாம். காற்றில் போனதை யார் திருத்துவது?

அந்தக் குறியைத் தமிழில் எழுத ஆசைப்படாதீர்கள். நானும் ஆசைப்பட்டேன். ஏடிஐஎஃப்பில் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுத வேண்டும். "தஞ்சை" எத்தனை? கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, கோப்பில் 15 பைட். என் நிரல் ஐந்து என்று எழுதியது, பைட் எண்ணுகிற லாக் மென்பொருள் ஐந்து பைட்டோடு வெட்டிவிட்டு மிச்சத்தைக் குப்பையாகக் காட்டியது. அந்த வடிவத்தில் சாதாரணப் புலங்களுக்கு ஆஸ்கி எழுத்துகள் (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும்தான் அனுமதி, அதனால் குறை என்னுடையதே.

மாவட்டங்களுக்கு எண்ணும் கொடுத்திருக்கிறோம், அகரவரிசையில் இல்லை. மயிலாடுதுறைக்கு 38. நாளைக்கு ஏதாவது பிரிந்தால் 39, மற்ற எவருடைய எண்ணும் நகராது.

அப்புறம், என் பழைய பதிப்பு யாருடைய பென் டிரைவிலாவது இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். போன மாதம்கூட 7.074 மெகாஹெர்ட்ஸில் நமக்குத் தெரிந்த கால் சைன் ஒன்று, ஆல்பர்ட்டாவிலிருந்து, பிளஸ் 12 என்ற பலமான சிக்னலில் விழுந்தது.