படத்தில் ஸ்காண்டிநேவியா, வீட்டில் கோலாலம்பூர்

கோலாலம்பூரில் செந்தூல், செராஸ் பக்கம் புதுக் கொண்டோவுக்குச் சாவி வாங்கியவர்கள் தளவாடக் கடைக்கு வரும்போதே கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். "இதே மாதிரி ஜப்பாண்டி ஸ்டைல் வேணும்" என்பார்கள். பாணியின் பெயரை வைத்துத் தோற்றத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தப் பொருள் எதனால் ஆனது, நம் ஊர் ஈரத்தைத் தாங்குமா என்பதெல்லாம் தனிக் கேள்வி. இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது.

ஸ்காண்டிநேவியப் பாணி, குளிர்காலத்தில் சில மணி நேரமே வெயில் காணும் நாடுகளில் வளர்ந்தது. வெள்ளைச் சுவர், வெளிர் மரம், கம்பளித் துணி எல்லாம் அறையை வெளிச்சமாகவும் கதகதப்பாகவும் வைத்திருக்கத்தான். நமக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கம்பளி வேண்டவே வேண்டாம். அங்கே பயன்படுவது பிர்ச், ஆஷ், ஓக் மரங்கள். அதே தோற்றத்தில் இங்கே விற்பது பல சமயம் ரப்பர் மரம். 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த பிறகு வெட்டப்படும் மரம். நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்தில் சீவியது இதைத்தான். மட்டமான மரமில்லை. ஆனால் வெட்டிய சில நாளிலேயே பூசணமும் வண்டும் பிடித்துவிடும் என்பதால் போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்துவார்கள். அது சரியாக நடந்ததா என்று பார்க்க நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். வண்ணம் பூசாத அடிப்பக்கத்தில் ஊசிமுனைத் துளைகளும் மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீலம் பாய்ந்த கறுப்புக் கோடுகள் பூசணக் கறை. அது மருந்தும் உலர்த்தலும் தாமதமானதற்கு அடையாளம்.

ஜப்பாண்டி என்றால் ஜப்பானிய எளிமையும் ஸ்காண்டிநேவிய மரமும் கலந்தது. எல்லாமே தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். சோபா இருக்கையின் உயரம் 35 செ.மீ.க்குக்கூட இறங்கிவிடும். மூட்டுவலி உள்ள அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால் 43 முதல் 45 செ.மீ. உயரம் வேண்டும், கைப்பிடியும் வேண்டும். கட்டிலில் இன்னொரு சிக்கல். தரையோடு தரையாக மூடிய பலகைமேல் மெத்தையைப் போட்டால் வியர்வை ஈரம் வெளியேற வழியில்லாமல் மெத்தையின் அடியில் பூசணம் பூக்கும். இரவெல்லாம் ஏர்கோன் போட்டுக் காலையில் அணைக்கும் அறைகளில் இது இன்னும் வேகம். பட்டைகளுக்கிடையே 5 செ.மீ. இடைவெளி விட்ட கட்டிலே போதும். சுவரிலிருந்தும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

1950களின் 'மிட் செஞ்சுரி' பாணி நம் வீடுகளுக்கு நன்றாகவே ஒத்துவரும். காரணம் அதன் மெல்லிய கால்கள். தினமும் ஈர மாப் போடும் வீட்டில் சிப்போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) அலமாரி தரையைத் தொட்டு நின்றால் அடிவிளிம்பு தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், ஊதியது பழையபடி சுருங்காது. 15 செ.மீ. கால் இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை, கீழேயும் கூட்டலாம். ஒன்றில் மட்டும் கவனம்: டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த விஷ்போன் நாற்காலியின் இருக்கை, சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றால் பின்னப்படுவது. சாம்பார் சிந்தும் சாப்பாட்டு மேசைக்கு அது சரிப்படாது.

இரும்புக் குழாயும் கரடுமுரடான பலகையுமான 'இண்டஸ்ட்ரியல்' பாணியில் பார்க்க வேண்டியது பற்றவைத்த இடங்களை. அங்கே பூச்சு மெலிந்திருந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். பினாங்கில் கடலைப் பார்த்த பால்கனி என்றால் யோசிக்கவே வேண்டாம், தவிர்த்துவிடுங்கள்.

எந்தப் பாணியானாலும் அதிகப் புகார் வருவது பியூ லெதர் சோபாவில். துணிமேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் அது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தையே மெல்ல மெல்லச் சிதைப்பதால் இரண்டு மூன்று ஆண்டில் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும். தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும் முதலில் போகும். தலைக்குத் தேய்த்த எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வேலை செய்கின்றன. கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறை இதைவிட எவ்வளவோ மேல். பஞ்சின் அடர்த்தியையும் கேளுங்கள்: இருக்கைக்குக் கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும்.

கடைப் படங்களில் சாமி மேடை இருக்காது. வெள்ளை லேமினேட் அலமாரியில் விளக்கேற்றினால் மேல்தட்டில் கரி படியும், சூட்டில் விளிம்புப் பட்டை கழன்றுவிடும், குங்குமக் கறை இணைப்புகளில் ஏறும். விளக்கு வைக்கும் தட்டுக்குக் கருங்கல் பலகையோ ஓடோ பதித்து, மேலே குறைந்தது 60 செ.மீ. திறந்த இடம் விடச் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் லிஃப்ட் கதவின் அகலம், உள் உயரம், ஆழம், வீட்டு வாசலின் அகலம் ஆகியவற்றை அளந்து கடைக்காரரிடம் கொடுங்கள். 'எல்' வடிவ சோபாவை இரண்டு துண்டாகக் கழற்ற முடியுமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தீபாவளிக்கு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.