கிராங்குக்கு வெல்டிங் போடலாமா?

இன்ஜினில் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதான் கிராங்க். பேரிங் தன் இடத்தில் நிற்காமல் சுழன்று, பிஸ்டனிலிருந்து வரும் கான்ராடு மாட்டுகிற கிராங்க் பின்னை அரைத்துவிட்டது. 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று பின்னைக் கடைந்து மெலிதாக்குகிற அண்டர்சைஸ் எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. இதற்கு மேல் கிரைண்டிங் ஏறாது என்று சொன்னதும் லாரிக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: “அண்ணே, வெல்டிங் வெச்சு ஏத்தி, கடைஞ்சு குடுத்துருங்களேன்?”

செய்யலாம். ஆனால் லாரி கிராங்க் என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் அடி எங்கே பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் சீல் ஓடுகிற இடத்தில் மட்டும் பள்ளம் என்றால் மெல்லிய ஸ்லீவ் ஏற்றினால் போதும். பின்னும் அதன் பக்கவாட்டுக் கையும் (வெப், web) சேருகிற வளைவு இருக்கிறதே, பட்டறையில் ரேடியஸ் என்போம், அங்கேதான் ஆபத்து. ஒவ்வொரு ஃபயரிங்குக்கும் கிராங்க் வளைந்து நிமிரும்போது விசை அந்த வளைவில்தான் குவிகிறது. அதனால் பல கிராங்குகளில் கம்பெனியிலேயே அந்த இடத்தை ரோலிங் செய்தோ, இண்டக்‌ஷனில் (மின்காந்தச் சூட்டில்) கடினப்படுத்தியோ மேல்தோலை இறுக்கி வைத்திருப்பார்கள். வெல்டிங் சூடு பட்டால் அந்த இறுக்கம் போய்விடும். போட்ட உலோகம் ஆறும்போது சுருங்கி, தோலை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விரிசல் தொடங்க அதுவே போதும்.

ஃபோர்ஜிங் கிராங்குகள் பலவற்றில் கார்பன் 0.4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சரியாகச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்தால், அதை ஒட்டிய இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெல்டிங்கின்போது உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் ஒன்றிரண்டு நாள் கழித்தும் திறக்கும். ஆகவே வெல்டிங் வைத்த அன்றே காந்தச் சோதனை (காந்தமேற்றி, இரும்புத் துகள் சேருவதை வைத்து விரிசல் பார்ப்பது) செய்து “கிராக் இல்லை” என்று கொடுக்கிற சான்றை நம்பிவிடாதீர்கள்.

சரி, பழைய கிராங்கே ஒழுங்காக இருக்கிறதா? பின்னில் நீலம் பாய்ந்திருந்தால், அந்த இடம் சூட்டில் வெந்து கடினத்தை இழந்திருக்க வாய்ப்பு அதிகம். கடினத்தை அளக்காமல் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது. அப்புறம், ஒளிரும் காந்தத் திரவம் ஊற்றி இருட்டில் புற ஊதா விளக்கு காட்டுங்கள். ஆயில் துளை வாயிலிருந்து மயிர் தடிமனில் பச்சைக் கோடு ஒன்று சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் போனால், அது முறுக்கு விசையில் வந்த விரிசல். அந்தக் கிராங்கை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான். மேலே வெல்டிங் வைத்தால் அது மறையுமே தவிர ஆறாது.

மாற்றுக் கிராங்கே கிடைக்காத பழைய, பெரிய, ஒரே இடத்தில் நிலையாக நின்று ஓடுகிற இன்ஜின் என்றால் கணக்கு வேறு. அதற்கென்றே உள்ள சப்மெர்ஜ்டு ஆர்க் (பொடிக்கு அடியில் வெல்டிங் வைக்கும்) இயந்திரம், முன்சூடு, மெதுவான ஆறல், அழுத்தம் நீக்கும் சூட்டுப்பதம், நிமிர்த்தல், ரேடியஸ் மாறாத கிரைண்டிங், கடைசியில் மறுபடி காந்தச் சோதனை என்று அத்தனையும் நடக்கிற இடமாக இருந்தால் யோசிக்கலாம். கையில் ராடு பிடித்து வைக்கிற வேலை இது இல்லை. கப்பல் இன்ஜின்களில் கப்பலைச் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் வகைப்பாட்டுச் சங்கங்கள் கிராங்க் வெல்டிங்கைப் பொதுவாக ஏற்பதே இல்லை.

செலவை ஒப்பிடும்போது புதுக் கிராங்க் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஓட்டத்தில் கிராங்க் உடைந்தால் கான்ராடு பிளாக்கையே கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். மலை இறக்கத்தில் லோடோடு அது நடந்தால் போவது பணம் மட்டுமா?

எந்தக் கிராங்கை மாட்டினாலும், பேரிங் ஏன் சுழன்றது என்று தெரியாமல் இன்ஜினை மூடாதீர்கள். ஆயில் பம்பையும், ஆயில் அழுத்தம் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வையும் பாருங்கள். பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதையான கேலரியின் பிளக்குகளைக் கழற்றிக் கழுவுங்கள். ஆயில் கூலரை மாற்றிவிடுவது நல்லது. பழைய பேரிங்கின் துகள் அதற்குள் தங்கியிருந்து, புது பேரிங்கையும் முதல் லோடிலேயே கீறிவிடும்.